"வூடு யாருது?" – வாடகை வீட்டின் வாசலில் நிற்கும் சாதி

"வூடு நல்லாத்தான் இருக்கு. யாருது?"

பெண்ணாடத்தில் எங்கள் வீட்டைப் பார்க்க வந்த எல்லோரும் கடைசியாகக் கேட்ட கேள்வி இது. தண்ணீர் எப்படி, கரண்டுக்குத் தனி மீட்டரா, பேருந்து நிலையம் எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார்கள். திருப்தியோடு வாசலுக்கு வந்து, செருப்பை மாட்டிக்கொண்டே இதைக் கேட்பார்கள். அப்பா, "நம்மளுதுதாங்க" என்பார். "நீங்க எங்க குடியிருக்கீங்க?" "காலனியில." கொஞ்ச நேரம் பேச்சு இருக்காது. பிறகு, "சரிங்க, வூட்ல கேட்டுட்டுச் சொல்றன்."

ஒருவரும் திரும்பி வந்து சொல்லவில்லை.

வாடகை வீட்டில் சாதி என்றால், வீடு கிடைக்காதவர்களைப் பற்றித்தான் நாம் வழக்கமாக எழுதுகிறோம். நானும் அந்த வரிசையில் நின்றவள்தான். முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சென்னையில் நான்கு முறை வீடு மாறியிருக்கிறேன். "சைவமா?", "ஊர்ல எந்தத் தெரு?", "இன்னும் கல்யாணம் ஆகலையா?" என்ற மூன்று கேள்விகளையும் ஒரே மூச்சில் கேட்ட வீட்டுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இங்கே சொல்லப்போவது மறுபக்கம். வீடு எங்களுடையது. சாவி எங்கள் கையில் இருக்கிறது. சந்தையின் கணக்குப்படி கேள்வி கேட்க வேண்டியவர்கள் நாங்கள். அப்படியிருந்தும் கேள்வி எங்களை நோக்கித்தான் வந்தது. அதைவிடச் சங்கடமான ஒன்றும் பிறகு நடந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பூட்டிக் கிடந்த வீடு

பெண்ணாடம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தூங்கானைமாடக் கோயில் நினைவுக்கு வரும். மெய்கண்டார் பிறந்த ஊர் என்பார்கள். எங்களுக்கு அது வெள்ளாற்றங்கரை, கரும்பு, ரயில் தண்டவாளம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் அரியலூர் மாவட்டத்துச் சிமெண்ட் ஆலைகள். அப்பா விருத்தாசலம் – திருச்சி தடத்தில் ட்ராக்மேனாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அம்மா கல்யாணத்துக்கு முன்பிருந்தே சித்தாள் வேலைக்குப் போனவர். நாங்கள் பறையர் குடும்பம். இன்றைக்கும் காலனியில்தான் இருக்கிறோம்.

ஓய்வுபெற்ற பணத்தில் அப்பா வாங்கியது கடைத்தெருவுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவில் ஒரு குறுக்குத் தெருவில் இருந்த பழைய ஓட்டு வீடு. வாரிசுகள் சென்னையில் செட்டில் ஆகிவிட்டதால் பதினோரு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது. ஓட்டில் ஆலங்கன்று முளைத்திருந்தது. அந்த நிலையில் அதை வாங்க அந்தத் தெருவில் யாரும் முன்வரவில்லை. ஆனால் நாங்கள் வாங்கியதும், "அவங்களுக்குப் போயா வித்தீங்க?" என்று விற்றவர்களுக்குப் போன் போனதாம். அங்கே போய்க் குடியிருக்கும் எண்ணம் அம்மாவுக்கு இல்லை. "நல்லது கெட்டதுன்னா ஓடி வர்ற சனம் இங்கதான இருக்கு" என்றார். சரிசெய்து வாடகைக்கு விட்டால் தம்பியின் படிப்புக் கடனை அடைக்கலாம் என்பதுதான் திட்டம்.

ஐந்து மாதம் வேலை நடந்தது. பெரியப்பா கொத்தனார். ஓட்டை முழுக்க இறக்கி, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். கணீரென்று ஒலித்தால் நல்ல ஓடு, மந்தமாகக் கேட்டால் உள்ளே கீறல். பாதிக்கு மேல் தேறியது. ரீப்பரெல்லாம் கரையான் தின்றிருந்ததால் புதிதாகப் போட்டோம். அடிச்சுவரில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்திருந்தது. பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கழுவிக் காயவிட்டு மறுபடி பூசினார்கள். ஒயரிங் புதிது. பின்கட்டில் கழிவறை, செப்டிக் டேங்க் புதிது. அம்மாவே தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கலவை சுமந்தார். கூலி மிச்சம் என்பது காரணமில்லை. "இத்தினி வருசமா அடுத்தவன் வூட்டுக்குச் சொமந்தன். ஒரு தடவ நம்ம வூட்டுக்குச் சொமக்கறன்" என்றார். கடைசி இரண்டு மாதச் செலவுக்கு நகையை அடகு வைத்தோம்.

வேலை நடக்கும்போதே பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கோரிக்கை வந்தது. நடுவில் இருக்கிற காம்பவுண்டை இன்னும் இரண்டடி உயர்த்திக் கட்டிக்கொள்ள வேண்டும், எங்கள் செலவில். பதினோரு வருடம் பாம்பும் தேளும் தாண்டி வந்தபோது போதுமான உயரமாக இருந்த சுவர் அது. பெரியப்பா ஒன்றும் பேசாமல் கட்டினார். அன்று இரவு சாப்பிடும்போது சொன்னார்: "அந்த வூட்டு உள்சுவரு பூசனதும் நாந்தான்."

இந்த ஊரில் எத்தனையோ வீடுகளின் சுவரும் தரையும் எங்கள் தெருக்காரர்களின் கையால் ஆனவை. நாங்கள் பூசிய சுவருக்குள் படுத்துத் தூங்குவதில் யாருக்கும் தயக்கமில்லை. அந்தச் சுவருக்கு நாங்கள் சொந்தக்காரர்கள் என்றால்தான் தூக்கம் வராது. தீட்டு என்று சொல்லப்படுவது தொடுவதைப் பற்றியது என்று நாம் நினைக்கிறோம். அது உடைமையைப் பற்றியது. 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். சொல்லப்பட்ட காரணம் ஒரு காதல் திருமணம். எரிந்தவை ஓலைக் குடிசைகள் மட்டுமல்ல. பெங்களூரிலும் வெளியூர்களிலும் உழைத்துச் சேர்த்த காசில் எழுந்த கான்கிரீட் வீடுகள், பீரோக்கள், மோட்டார் பைக்குகள். பெண்ணாடத்தில் யாரும் எங்கள் வீட்டின் மேல் கல்லெறியவில்லை. வாடகைக்கு எடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் இரண்டுக்கும் பின்னால் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இவர்களுக்கு எதற்கு இப்படி ஒரு வீடு?

பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னவர்

வாடகை 5,500 ரூபாய், முன்பணம் 25,000 என்று வைத்தோம். அந்தத் தெருவில் அதுதான் நடப்பு. மாற்றலாகி வரும் ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், ரயில்வே ஊழியர்கள், சிமெண்ட் ஆலைக்கு வேலைக்கு வருபவர்கள் என்று ஊரில் வாடகைக்கு ஆள் பஞ்சமில்லை. நான்கு மாதத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் பூஜை அறைக்கு எங்கே அலமாரி அடிக்கலாம் என்று அளவுகூட எடுத்தார். பிறகு அந்தக் கடைசிக் கேள்வி, "காலனியில" என்ற பதில், அந்தக் கொஞ்ச நேர மௌனம்.

தரகர் நல்ல மனிதர். எங்கள் மேல் அக்கறையோடுதான் ஒரு யோசனை சொன்னார்: "ரயில்வேக்காரரே, ஒண்ணும் தப்பா நெனச்சுக்காதீங்க. தெருவுல நமக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு இருக்காரு. வூடு அவுருதுன்னு சொல்லி உட்டுடுவோம். மாசாமாசம் வாடகைய அவுரு வாங்கி உங்க கையில குடுத்துடுவாரு. நீங்க அந்தப் பக்கம் போவாம இருந்தாப் போதும்."

எங்கள் வீட்டுக்கு நாங்கள் போகாமல் இருந்தால் போதும்.

இதைக் கேட்டபோது எனக்கு அண்ணல் அம்பேத்கரின் பரோடா நாட்கள்தான் நினைவுக்கு வந்தன. பரோடா அரசின் உதவித்தொகையில் வெளிநாட்டில் படித்துவிட்டு 1917-இல் அந்த அரசின் பணியில் சேரப்போனவருக்கு, தங்க இடமில்லை. பார்சிகள் நடத்திய விடுதி ஒன்றில் ஒரு பார்சிப் பெயரைச் சூட்டிக்கொண்டு தங்கினார். பதினோராவது நாள் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேறச் சொன்னார்கள். அடைக்கலம் கேட்டு இரண்டு நண்பர்களிடம் போனார். இந்து நண்பர், நீங்கள் வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். கிறித்துவ நண்பர், மனைவி ஊரிலிருந்து வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்றார். ஒரு பொதுத் தோட்டத்தில் நேரத்தைக் கழித்துவிட்டு அன்றிரவே ரயிலேறினார் அம்பேத்கர். 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற தன் குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார்.

வாடகைக்கு இடம் பிடிக்க அன்று பெயரை மாற்ற வேண்டியிருந்தது. நூறு ஆண்டுகள் கழித்து, வாடகைக்கு இடம் கொடுக்கவும் பெயரை மாற்ற வேண்டியிருக்கிறது. இதை முன்னேற்றம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

அப்பா ஒரு வாரம் யோசித்தார். அம்மாவுக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. நகைக்கு வட்டி கட்டுவது அவர்தான். கடைசியில் அப்பா தரகரிடம் சொன்னது: "நாப்பது வருசம் ரயில்வேயில எம் பேர்லதான் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கனன். வாடகைய மட்டும் எதுக்கு அடுத்தவன் பேர்ல வாங்கணும்?"

எப்போதும் வேறொருவர்

அந்த நான்கு மாதத்தில் ஒருவர்கூட எங்களிடம் "நான் சாதி பார்ப்பவன்" என்று சொல்லவில்லை. குடித்தனக்காரர் மனைவியைக் கைகாட்டினார். மனைவியைக் கேட்டிருந்தால் மாமியாரைக் காட்டியிருப்பார். தரகர் தெருவைக் காட்டினார். தெருக்காரர்கள், வந்துபோகும் சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்றார்கள். 1917-இல் இந்து நண்பருக்கு வேலைக்காரர்கள், கிறித்துவ நண்பருக்கு மனைவி. சாதி பார்க்கிறவர் எப்போதுமே அங்கே இல்லாத வேறொருவர்தான். யார் மேலும் வழக்குப் போட முடியாது, யாரோடும் சண்டை போட முடியாது. தெருவில் எல்லோரும் நல்லவர்கள். வீடு மட்டும் காலியாகக் கிடக்கும்.

வீடு தேடும் பக்கத்திலிருந்து இதை அளந்து காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. சுகதேவ் தோரட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் தில்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் செய்த அந்த ஆய்வு 2015-இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி'யில் வெளியானது. ஒரே மாதிரியான தகுதி, வேறு வேறு பெயர்களோடு ஆட்கள் வாடகைக்கு வீடு கேட்டார்கள். உயர்சாதிப் பெயரோடு கேட்டவர்களுக்கு ஏறக்குறைய எல்லா இடத்திலும் வீடு தயாராக இருந்தது. தலித் பெயரோடு கேட்டவர்களில் 18 சதவீதத்தினருக்கு நேரடியாக மறுப்பு. இன்னும் 23 சதவீதத்தினருக்குக் கூடுதல் நிபந்தனைகளோடு சம்மதம். முஸ்லிம் பெயரோடு கேட்டவர்களின் நிலை இதைவிட மோசம். 31 சதவீதத்தினருக்கு நேரடி மறுப்பு.

அந்த இரண்டாவது வகையை, அதாவது நிபந்தனையோடு சம்மதம் சொன்னவர்களை, ஆய்வில் படித்தபோது நான் வெறும் எண்ணாகத்தான் கடந்து போனேன். அதே வகையில் என் வீட்டையும் எழுதிக்கொள்ள வேண்டிய நாள் வந்தது.

எங்கள் வாசலில் நின்றவர்

ஐந்தாவது மாதம் ஒருவர் மனைவியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் வீடு பார்க்க வந்தார். ஊரில் தூய்மைப் பணி செய்பவர். அருந்ததியர். அவர் மட்டும்தான் "வூடு யாருது?" என்று கேட்கவில்லை. தெரிந்துதான் வந்திருந்தார். "அக்கா, எங்களுக்குக் குடுப்பீங்களா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. அன்று இரவு எனக்குப் போன் வந்தது.

"அவங்களுக்கு உட்டா அப்பறம் அந்த வூட்டுக்கு வேற யாரும் எந்தக் காலத்துலயும் வரமாட்டாங்க பாப்பா."

"இப்ப மட்டும் யாரும்மா வந்தாங்க?"

"தெருவுல இருக்கறவங்க வேற பேசுவாங்க. ஏற்கனவே நம்மளையே ஒரு மாதிரிதான் பாக்கறாங்க."

மனைவி, மாமியார், தெரு, சொந்தக்காரர் என்று நீண்டு வந்த அந்தச் சங்கிலியில் இப்போது என் அம்மாவும் ஒரு கண்ணி. பெயரை மாற்ற மறுத்த அப்பா இந்த முறை வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனம் எனக்குப் பழக்கமானது. செருப்பை மாட்டிக்கொண்டே எங்கள் வாசலில் பலர் காட்டிவிட்டுப் போனது.

இதை இங்கே எழுதலாமா என்று நிறைய யோசித்தேன். "பாருங்கள், அவர்களுக்குள்ளேயே சாதி இருக்கிறது" என்று கைதட்டக் காத்திருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ஏணியைச் செய்தவர்கள் நாங்களில்லை. சாதி வெறும் ஏற்றத்தாழ்வு அல்ல, படிப்படியாக அடுக்கப்பட்ட ஏற்றத்தாழ்வு என்றார் அம்பேத்கர். தனக்குக் கீழே ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பைக் கொடுத்தே ஒவ்வொரு படியில் இருப்பவரையும் ஏணியைத் தாங்கிப் பிடிக்க வைக்கிறது அது. தமிழ்நாட்டில் 2009-இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் இடஒதுக்கீடு வந்ததற்கும் இந்த உண்மைதான் அடிப்படை. இதை நாமே பேசாவிட்டால் அந்த ஏணி அப்படியே நிற்கும். அதனால் எழுதுகிறேன்.

அந்த வாரம் ஊருக்குப் போனேன். அதற்குள் அம்மா ஒரு "வழி" கண்டுபிடித்திருந்தார். வீட்டைக் கொடுப்பது, ஆனால் முன்பணம் 50,000. மற்றவர்களுக்குச் சொன்னதைப் போல இரண்டு மடங்கு. "தரலன்னு சொல்லலியே" என்றார். நான் ஆய்வுக் கட்டுரையில் கடந்து போன அந்த 23 சதவீதம் எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தது. வாதம் செய்தேன். கொஞ்சம் கத்தினேன். அம்மா சொன்ன பதில் நியாயமானது: "நீ படிச்சுட்டுப் பேசற. வட்டி நான் கட்டறன்."

எங்கள் மாவட்டத்துக்காரர் கொடுத்த சட்டம்

கோபத்தில் வேலை ஆகாது என்று தெரிந்தபின் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நம்மில் பலருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தெரியும். அதற்கு முந்தைய 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஏறக்குறைய மறந்துவிட்டோம். தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் என்ற பெயரில் வந்தது அது. அதில் இருந்த ஓட்டைகளை ஆராய 1965-இல் அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைவர் எல். இளையபெருமாள். காட்டுமன்னார்கோயில்காரர், எங்கள் மாவட்டத்துக்காரர், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். நாடு முழுக்கச் சுற்றி 1969-இல் அவர் அறிக்கை கொடுத்தார். அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1976-இல் சட்டம் திருத்தப்பட்டு, குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்ற இன்றைய பெயரைப் பெற்றது.

அதன் 4-ஆவது பிரிவு, தீண்டாமையின் பெயரால் தடை செய்யக் கூடாதவை என்று ஒரு பட்டியல் தருகிறது. கடை, கிணறு, பாதை, சுடுகாடு என்று போகும் அந்தப் பட்டியலில், எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டுவது, வாங்குவது, அதில் குடியிருப்பது என்பதும் இருக்கிறது. மீறினால் ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதம் வரை சிறை, அபராதமும் உண்டு. 12-ஆவது பிரிவு இன்னும் முக்கியமானது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், செயல் தீண்டாமையின் காரணமாகவே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது எதிர்த்தரப்பு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்கள் மீதுதான் பாயும். 1955 சட்டமோ "எவரொருவர்" என்று தொடங்குகிறது. அந்த "எவரொருவர்" என்பதில் என் அம்மாவும் அடக்கம்.

இன்னொன்று, நகர்ப்புற வாடகைக்காகத் தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம். எழுத்துபூர்வ ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிய வேண்டும் என்கிறது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்டப்படி தவறு என்கிறது. 5,500 ரூபாய்க்கு மூன்று மாதம் என்றால் 16,500. ஐம்பதாயிரம் இருக்கட்டும், நாங்கள் முதலில் வைத்த இருபத்தைந்தாயிரமே அதிகம்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். சட்டம் அவரைப் பயமுறுத்தவில்லை. நான் எதிர்பார்க்காத வேறொரு வேலையைச் செய்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "அப்ப தெருவுல யாரும் கேட்டா, சட்டம் அப்பிடித்தான் இருக்குன்னு சொல்லிடலாமா?"

அந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. சாதி பார்ப்பதற்கு எல்லோருக்கும் கைகாட்ட ஒரு ஆள் கிடைக்கிறார். சாதி பார்க்காமல் இருப்பதற்குக் கைகாட்ட யாருமில்லை. நல்லது செய்ய நினைப்பவர் தனியாக நிற்க வேண்டியிருக்கிறது. "என் கொள்கை இது" என்று தெருவிடம் சொல்லும் தைரியம் எல்லோருக்கும் வராது. நகையை அடகு வைத்தவருக்கு இன்னும் வராது. "நான் என்ன செய்ய, சட்டம் அப்படி" என்று சொல்ல முடிந்தால் பலர் சரியான பக்கம் வந்துவிடுவார்கள். சட்டத்தின் வேலை குற்றவாளியைச் சிறைக்கு அனுப்புவது மட்டுமல்ல, தயங்குகிறவருக்கு ஒரு சாக்குக் கொடுப்பதும்தான்.

16,500 ரூபாய் முன்பணத்தில் எழுத்து ஒப்பந்தம் போட்டோம். ஆவணத்தில் வீட்டின் உரிமையாளர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர், அவருடைய கையெழுத்து. அந்தக் குடும்பம் வந்து எட்டு மாதமாகிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறார்கள். அம்மா மாதத்தில் ஒருமுறை போகிறார். முதல் இரண்டு மாதம் வாசலில் நின்றே பேசிவிட்டு வந்தார். மூன்றாவது மாதம் மழைக்கு ஓடு ஒழுகுகிறதா என்று பார்க்க உள்ளே போனவர், காபி குடித்துவிட்டு வந்தாராம். இதைச் சமத்துவம் மலர்ந்த கதையாக நான் சொல்ல மாட்டேன். ஒரு காபி, அவ்வளவுதான். ஆனால் அதுகூட அந்தச் சாவி கை மாறியதால் நடந்தது.

நாம் கேட்க வேண்டியவை

யார் பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பது சாதியைத் தாங்கும் தூண் என்று அரசுக்குத் தெரியாமல் இல்லை. 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவுச் சமத்துவபுரம் திறக்கப்பட்டபோது, நூறு வீடுகளில் நாற்பது தலித்துகளுக்கு என்று கணக்கு வைத்துக் கலந்து கொடுத்தார்கள். அது அரசு கட்டிக்கொடுத்த வீடு. ஆனால் படிக்கவும் வேலைக்காகவும் ஊர் மாறும் தலைமுறை சாதியைச் சந்திப்பது வாடகை வீட்டு வாசலில். அந்த இடத்தில் அரசு ஒதுங்கி நிற்கிறது. 2017 வாடகைச் சட்டம் முன்பணத்தையும் பராமரிப்பையும் பேசுகிறது. சாதி, மதம் பார்த்து வீடு மறுப்பதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதில் ஒரு பாகுபாட்டுத் தடைப் பிரிவைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு வாடகை ஒப்பந்தத்திலும் அந்த வரி அச்சாகி இருக்க வேண்டும்.

இரண்டாவது, மறுப்பை நிரூபிப்பது எப்படி என்ற கேள்வி. அமெரிக்காவில் 1968-இல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், நிறம் பார்த்து வீடு மறுப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அங்கே ஒரே தகுதியுள்ள கறுப்பரையும் வெள்ளையரையும் தனித்தனியாக வீடு கேட்க அனுப்பிப் பதில்களை ஒப்பிடும் முறை வழக்கில் இருக்கிறது. அப்படிப் போய்ப் பொய்த் தகவல் பெற்றவரே வழக்குத் தொடுக்கலாம் என்று 1982-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றது. தோரட் குழு செய்ததும் அதே வகைச் சோதனைதான். 2021-இல் அமைக்கப்பட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் தமிழ்நாட்டின் நகரங்களிலும் பேரூர்களிலும் இதைச் செய்யலாம். புகார் வரட்டும் என்று காத்திருந்தால் வராது. "வூட்ல கேட்டுட்டுச் சொல்றன்" என்பதை யார் புகாராக எழுதுவார்கள்?

சட்டம் எட்டாத இடமும் உண்டு. வீட்டுக்காரர் மறுப்பதைத் தடுக்கலாம். எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வராமல் போன பத்துப் பன்னிரண்டு பேரை எந்தச் சட்டமும் குடிவைக்க முடியாது. தலித்துகளுக்கு வீடு கொடுங்கள் என்று கேட்கும் இயக்கம், தலித்துகளின் வீட்டில் குடியிருங்கள் என்றும் கேட்க வேண்டும். முற்போக்கு பேசும் ஆசிரியர்கள், வங்கிச் சங்கத் தோழர்கள், மாற்றலாகிப் புதிய ஊருக்குப் போகும்போது இதை ஒரு வேலைத்திட்டமாகவே எடுத்துக்கொள்ளலாம். கருத்தரங்கில் பேசுவதைவிடக் கடினம்தான். பிள்ளைகளோடு குடிபோக வேண்டும், வரும் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், மாதாமாதம் வாடகையை அவர் கையில் கொடுக்க வேண்டும்.

வீடு தேடிப் போகிறவர்களும் வீடு வாடகைக்கு விடுகிறவர்களும் இதைப் படிப்பீர்கள். அடுத்த முறை "எனக்கு ஒண்ணுமில்லைங்க, வூட்லதான் ஒத்துக்க மாட்டாங்க" என்று வாய் வரைக்கும் வரும்போது ஒரு நிமிடம் நிறுத்துங்கள். அந்த வீட்டில் இருப்பது யார்? நீங்கள்தான்.